மனிதர் யார்? கிறிஸ்தவ இறையியலில் 'ஆள்' என்னும் கருத்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மறைக்கல்வி வகுப்புகளிலும் அவை முடிந்த பின் நீளும் உரையாடல்களிலும் பல ஆண்டுகளாக என்னிடம் திரும்பத் திரும்ப வந்த ஐயங்களை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்குத் தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னும் சிக்கலானவை பின்னும் வருகின்றன. ஏற்கெனவே விளக்கிய செய்தி மீண்டும் தேவைப்படும் இடத்தில் அந்தக் கேள்வியின் எண்ணை மட்டும் குறித்துள்ளேன்.

1. 'மனிதர்' என்று சொன்னாலே போதாதா? 'ஆள்' என்று தனியாக ஒரு சொல் எதற்கு?

யாரோ கதவைத் தட்டும்போது 'யார்?' என்று கேட்கிறோம். வெளியிலிருந்து 'மனிதர்' என்று குரல் வந்தால் அது பதிலாகாது. ஒரு பெயர் வரவேண்டும். 'மனிதர்' என்பது 'என்ன?' என்ற கேள்விக்கு உரிய விடை. 'யார்?' என்ற கேள்விக்கு உரிய விடை வேறு. முதல் விடையை இறையியல் 'இயல்பு' என்றும், இரண்டாவதை 'ஆள்' என்றும் அழைக்கிறது. மனித இயல்பு நம் எல்லோருக்கும் பொதுவானது. ஆனால் நீங்கள் நீங்களாக இருப்பதை வேறொருவர் உங்களுக்குப் பதிலாகச் செய்ய முடியாது. உயர்திணை, அஃறிணை என்று வினைமுற்றிலேயே பிரித்துப் பேசும் தமிழருக்கு இந்த வேறுபாடு புதிதன்று.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. சீர்திருத்தச் சபைகளில் 'ஆள்தத்துவம்' என்ற சொல் வழங்குகிறது. சிலர் 'ஆளுமை' என்று எழுதுகிறார்கள். நான் அதைத் தவிர்க்கிறேன், ஏனெனில் இன்றைய வழக்கில் ஆளுமை என்பது வளரவும் குன்றவும் கூடிய குணநலன்களைக் குறிக்கிறது. பேச்சு வழக்கில் 'ஆள்' என்பது சற்று மரியாதைக் குறைவாக ஒலித்தாலும், வளர்வதோ குறைவதோ இல்லாத ஒன்றைச் சுட்ட அதுவே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

2. கடவுளின் சாயலில் படைக்கப்பட்டோம் என்றால், கடவுளுக்கும் கண், மூக்கு எல்லாம் இருக்கிறதா?

இல்லை. விவிலியத்தின் முதல் நூலான தொடக்கநூல் (ஆதியாகமம்) 1:26-இல் வரும் 'செலெம்' என்ற எபிரேயச் சொல் சிலையையும் குறிக்கும். அதே சொல் வேறு இடங்களில் விக்கிரகங்களுக்கும் வருகிறது. பண்டைய எகிப்திலும் மெசொப்பொத்தாமியாவிலும் தெய்வத்தின் உருவம் என்று போற்றப்பட்டவர் அரசர். அந்தச் சூழலில் இந்தப் பகுதியை வாசித்தால் அதன் துணிவு விளங்கும்: அரசருக்கு மட்டும் சூட்டப்பட்ட பட்டத்தை அது ஆண், பெண் எல்லோருக்கும் சூட்டுகிறது. கடவுளுக்குச் சிலை செய்யாதே என்ற கட்டளையும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. கடவுள் தமக்கென நிறுத்திய உருவம் ஏற்கெனவே உயிரோடு நடமாடுகிறது.

அந்தச் சாயல் நம்மில் எதில் இருக்கிறது என்பதற்கு ஒரே விடை இல்லை. அகுஸ்தீனார் (354-430) நினைவு, அறிவு, விருப்பம் ஆகிய மூன்றும் ஒரே மனத்தில் இயங்குவதில், தந்தை, மகன், ஆவி என மூவராய் இருக்கும் ஒரே கடவுளின், அதாவது மூவொரு கடவுளின், சாயலைத் தேடினார். படைப்பைப் பேணும் பொறுப்பில் அதைக் கண்டவர்கள் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்து இறையியலாளர் கார்ல் பார்த், ஒருவரை ஒருவர் எதிர்கொள்ளும் உறவில் அதைக் கண்டார். புதிய ஏற்பாடு கேள்வியையே சற்றுத் திருப்பிவிடுகிறது: காணமுடியாத கடவுளின் சாயல் கிறிஸ்துவே என்று கொலோசையர் 1:15 சொல்கிறது. நாம் அந்தச் சாயலை நோக்கி உருவாக்கப்படுகிறவர்கள்.

3. எங்கள் வீட்டுப் பழைய வேதாகமத்தில் 'சாயல், ரூபம்' என்று இருக்கிறது. புதிய திருவிவிலியத்தில் 'உரு, சாயல்' என்று இருக்கிறது. எது சரி?

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழையது: 'நமது சாயலாகவும் நமது ரூபத்தின்படியேயும்'. புதியது: 'நம் உருவிலும், நம் சாயலிலும்'. எபிரேயத்தின் முதற்சொல்லான 'செலெம்' பழையதில் சாயலாகவும் புதியதில் உருவாகவும் நிற்கிறது. இரண்டாவது சொல்லான 'தெமூத்' பழையதில் ரூபம், புதியதில் சாயல். ஆகவே இருவர் 'சாயல்' என்று பேசிக்கொள்ளும்போது வெவ்வேறு எபிரேயச் சொற்களை மனத்தில் வைத்திருக்கக்கூடும். பல வாக்குவாதங்கள் இங்கேதான் பிறக்கின்றன.

எபிரேயத்தில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே பொருளை இருமுறை சொல்லும் நடை என்றே இன்றைய அறிஞர் பலர் கருதுகின்றனர். ஆனால் இரண்டாம் நூற்றாண்டின் இரனேயு போன்ற திருச்சபைத் தந்தையர் இவற்றைப் பிரித்து வாசித்தனர். இந்தப் பிரிப்பு ஒன்பதாம் கேள்வியில் நமக்கு வேண்டியிருக்கும்.

4. உண்மையான நான் என்பது ஆன்மாதானே? உடல் வெறும் கூடுதானே?

கிறிஸ்தவர்களிடமே மிகப் பரவலாக இருக்கும் இக்கருத்து கிறிஸ்தவப் போதனை அன்று. தொடக்கநூல் 2:7 இரண்டாம் முறை கவனமாக வாசிக்க வேண்டியது. கடவுள் 'அதாமா' எனும் நிலத்தின் மண்ணிலிருந்து 'ஆதாம்' எனும் மனிதரை உருவாக்கி, நாசிகளில் மூச்சை ஊதுகிறார். பழைய மொழிபெயர்ப்பு 'மனுஷன் ஜீவாத்துமாவானான்' என்கிறது. புதியது 'மனிதன் உயிர் உள்ளவன் ஆனான்' என்கிறது. மனிதருக்குள் ஓர் ஆன்மா வைக்கப்பட்டது என்று இரண்டுமே சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். மூச்சு பெற்ற மண்ணே உயிருள்ள மனிதராக ஆனது. மேலும், இங்கே 'ஜீவாத்துமா' என்று பெயர்க்கப்பட்ட 'நெஃபெஷ் ஹய்யா' என்ற அதே தொடர்தான் 1:24-இல் விலங்குகளுக்கு வருகிறது. அங்கே அது 'ஜீவஜந்துக்கள்' என்று பெயர்க்கப்பட்டதால் தமிழில் அந்த ஒற்றுமை மறைந்துவிட்டது.

ஆன்மா இல்லை என்று இதற்குப் பொருளில்லை. ஆன்மா உடலுக்கு உருக்கொடுத்து அதை உயிருள்ள மனித உடலாக்குவது என்று 1311-1312-இல் கூடிய வியென் பொதுச்சங்கம் (திருச்சபை ஆயர்களின் பேரவை) கற்பித்தது. ஓட்டுநர் வண்டிக்குள் அமர்ந்திருப்பது போன்ற உறவு இது அன்று. தாமஸ் அக்குவினாஸ் (1225-1274) முதலாம் கொரிந்தியர் 15-ஆம் அதிகாரத்துக்கு எழுதிய உரையில் இதைவிடத் தெளிவாகச் சொன்னார்: 'என் ஆன்மா நான் அல்ல.' உங்கள் கையை ஒருவர் அடித்தால் அவர் உங்கள் உடைமையைச் சேதப்படுத்தவில்லை, உங்களையே அடித்தார்.

5. ஆவி, ஆத்துமா, சரீரம் என்று மூன்றா, அல்லது உடல், ஆன்மா என்று இரண்டா?

மூன்று என்போர் 1 தெசலோனிக்கர் 5:23-ஐக் காட்டுவார்கள். அப்படிச் சொற்களை எண்ணத் தொடங்கினால் மாற்கு 12:30 இருதயம், ஆத்துமா, மனம், பலம் என்று நான்கு தருகிறது. விவிலியம் இங்கே உறுப்புகளைக் கணக்கெடுக்கவில்லை. முழு மனிதரையும் வெவ்வேறு பக்கங்களிலிருந்து அழைக்கிறது. இந்த எண்ணிக்கைக்காகச் சண்டையிட வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

6. 'பெர்சோனா' என்றால் நாடக முகமூடி என்று படித்தேன். அப்படியானால் ஆள் என்பது ஒரு வேடம்தானா?

சொல் அங்கிருந்து வந்தது உண்மை, அங்கேயே நின்றுவிடவில்லை. லத்தீன் 'பெர்சோனா' நடிகரின் முகமூடியையும் பாத்திரத்தையும் குறித்தது. கிரேக்க 'ப்ரோசோப்போன்' முகத்தைக் குறித்தது. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லத்தீனில் எழுதிய இறையியலாளர் தெர்த்தூலியன், கடவுளில் ஒரே பொருண்மையும் மூன்று 'பெர்சோனா'க்களும் உண்டு என்று எழுதினார். கிரேக்கர்களுக்கு இது அச்சமூட்டியது: ஒரே கடவுள் தந்தை, மகன், ஆவி என்று மூன்று வேடம் போடுகிறார் என்ற சபெல்லியுவின் கொள்கை போல அது ஒலித்தது. அவர்கள் விரும்பிய 'ஹிப்போஸ்டாசிஸ்' என்ற சொல் 'அடியில் நின்று தாங்குவது' எனப் பொருள்பட்டதால், மூன்று ஹிப்போஸ்டாசிஸ் என்றபோது லத்தீன் மக்களின் காதில் மூன்று கடவுள்கள் என்று விழுந்தது. 362-இல் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியு தலைமையில் அந்நகரில் கூடிய சங்கம், இருதரப்பாரும் சொல்லில் மாறுபட்டாலும் பொருளில் ஒன்றுபடக்கூடும் என்பதைக் கேட்டறிந்து ஏற்றது.

கப்பதோக்கியாவைச் (இன்றைய துருக்கியின் ஒரு பகுதி) சேர்ந்த நான்காம் நூற்றாண்டுத் தந்தையரான பெரிய பசிலியார், நீசா கிரகோரியார், நசியான்சு கிரகோரியார் ஆகியோர், முகம் என்ற சொல்லையும் தாங்கி நிற்கும் மெய்ம்மை என்ற சொல்லையும் இணைத்துவிட்டனர். இதன் விளைவு மிகப் பெரியது. முகம் என்பது மற்றொருவரை நோக்கித் திரும்பியிருப்பது. அந்தத் திரும்பல் கழற்றி வைக்கக்கூடிய வேடமாக இல்லாமல் ஒருவருடைய இருப்பின் அடித்தளமாகவே இருக்கக்கூடும் என்பது அதுவரை யாரும் தெளிவாகச் சொல்லாத எண்ணம். மனிதரை ஆராய்ந்து கண்டுபிடித்து, பின்னர் கடவுளுக்குப் பொருத்தப்பட்ட கருத்தல்ல இது. கடவுளைப் பற்றிப் பேச முயன்று திணறியபோது கிடைத்து, பின்னர் மனிதருக்கு வந்தது. இந்த வரிசையை மறந்தால் பின்வரும் எந்த விடையும் விளங்காது.

7. இயேசு முழு மனிதர் என்கிறீர்கள். ஆனால் 'மனித ஆள்' இல்லை என்கிறீர்கள். அப்படியானால் அவரிடம் ஏதோ ஒன்று குறைகிறதே?

வகுப்பில் மிகக் கூர்மையானவர்கள் கேட்கும் கேள்வி இது. கால்செதோன் பொதுச்சங்கம் (451) கிறிஸ்துவை ஒரே ஆள் என்றும், இறை இயல்பு, மனித இயல்பு ஆகிய இரண்டும் அவரில் கலவாமல், மாறாமல், பிரியாமல், பிளவுபடாமல் இருக்கின்றன என்றும் அறிக்கையிட்டது. முதற்கேள்வியின் வேறுபாட்டை இங்கே வையுங்கள். இயேசுவைக் காட்டி 'இவர் என்ன?' என்றால், மெய்யாகவே கடவுள், மெய்யாகவே மனிதர். 'இவர் யார்?' என்றால், என்றுமுள்ள மகன். 'யார்' என்பது மனித இயல்பைச் செய்யத் தேவையான பொருள்களில் ஒன்றாக இருந்தால்தான் அது அவரிடம் குறைந்தது என்று சொல்லமுடியும். அது அப்படிப்பட்ட பொருள் அன்று. அந்த இயல்பு முழுவதையும் தமதாக உடையவரே அந்த 'யார்'.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் தவறியவர் நான்காம் நூற்றாண்டு ஆயர் அப்பொலினாரிஸ். கிறிஸ்துவில் மனித மனத்தின் இடத்தை இறைவார்த்தை, அதாவது என்றுமுள்ள மகன், எடுத்துக்கொண்டது என்றார். அவருக்கு நசியான்சு கிரகோரியார் தந்த மறுமொழி, ஏற்கப்படாதது குணமாக்கப்படவும் இல்லை என்பது. நம் மனம்தானே முதலில் நோயுற்றது? ஏழாம் நூற்றாண்டில் இதே வாதம் விருப்பத்தைப் பற்றி எழுந்தது. கெத்சமனியில் 'என் விருப்பப்படி அல்ல' என்று மன்றாடியது மெய்யான மனித விருப்பமே என்று வலியுறுத்திய மாக்சிமு என்ற துறவியின் நாவும் வலக்கையும் வெட்டப்பட்டு, அவர் நாடுகடத்தப்பட்ட இடத்தில் 662-இல் இறந்தார். 680-681-இல் கூடிய மூன்றாம் கொன்ஸ்தாந்திநோபிள் சங்கம் அவர் காத்துநின்ற போதனையையே ஏற்றது. மனிதர் என்றால் என்ன என்பதற்காக ஒருவர் நாவை இழந்திருக்கிறார் என்பதை நான் வகுப்பில் சொல்லாமல் விடுவதில்லை.

8. அறிவுள்ளவரே ஆள் என்றால் பச்சிளங்குழந்தையும், நினைவிழந்த முதியவரும் ஆட்கள் இல்லையா?

இந்த ஐயத்துக்கு மூலம் ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமானிய மெய்யியலாளர் போயத்தியுஸ் 'ஆள்' என்பதற்குத் தந்த வரையறை: 'அறிவுசார் இயல்பின் தனிநிலைப் பொருள்'. மேற்கில் பல நூற்றாண்டுகள் இதுவே ஆண்டது. இதில் 'அறிவுசார்' என்ற அடை இயல்பைச் சேர்ந்தது. அறிவை இந்த நொடியில் பயன்படுத்துபவர் என்பது அதன் பொருளன்று. அப்படியிருந்தால் உறங்குபவரும் ஆள் இல்லாமல் போவார். இருந்தாலும், இந்த வரையறை மட்டுமே போதும் என்று நான் நினைக்கவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் புனித விக்டர் மடத்து ரிச்சர்ட், எவருக்கும் பகிர்ந்தளிக்க இயலாத இருப்பு என்ற கோணத்தில் ஆளை விளக்க முயன்றது இதே குறையை உணர்ந்துதான்.

என் வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஒருவருடைய தாய் தம் நினைவு முழுவதையும் இழந்திருந்தார். நான் சென்ற அன்று மகன் அவருக்குத் தலைவாரிக்கொண்டிருந்தார்; சீப்பு சிக்கில் மாட்டியபோதெல்லாம் கையை நிறுத்தி, 'வலிக்கிறதா அம்மா?' என்றார். அந்த அம்மையார் திரும்பி, அயலாரிடம் பேசும் மரியாதையோடு, 'நீங்கள் யார்?' என்று கேட்டார். மகன் பெயரைச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் மீண்டும் அதே கேள்வி. மகன் மீண்டும் பெயரைச் சொன்னார். 'அம்மா' என்ற விளியை அவர் ஒருமுறையும் விடவில்லை. அன்று எசாயா 49:15-ஐ அவரோடு சேர்ந்து வாசித்தேன்: தாய் தன் பாலகனை மறந்தாலும், 'நான் உன்னை மறப்பதில்லை' என்கிறார் கடவுள். ஒருவர் ஆளாக இருப்பது அவர் தம்மை நினைவில் வைத்திருப்பதால் அன்று. கடவுள் அவரைப் பெயர்சொல்லி அழைத்திருப்பதால். 'குழந்தை அழுதது' என்று தமிழ் இலக்கணம் அஃறிணை முடிபைத் தருகிறது. அந்தக் குழந்தைக்குப் பெயரிட்டுத் திருமுழுக்கு அளிக்கும் திருச்சபை அதை ஒரு 'யார்' என்றே விளிக்கிறது.

9. ஆதாமின் பாவத்தோடு அந்தச் சாயல் அழிந்துபோனது என்று பிரசங்கத்தில் கேட்டேன். உண்மையா?

வெள்ளத்துக்குப் பின்னும், அதாவது பாவம் பெருகிய பின்னும், மனித இரத்தம் சிந்தக்கூடாது என்பதற்குத் தொடக்கநூல் 9:6 அதே சாயலைத்தான் காரணமாகக் காட்டுகிறது. யாக்கோபு 3:9-உம் அப்படியே. ஆகவே அழிந்தது என்று முழுமையாகச் சொல்ல இயலாது.

எவ்வளவு சேதம் என்பதில் சபைகள் வேறுபடுகின்றன. இரனேயுவைப் பின்பற்றிக் கீழைச் சபைகள் உரு நிலைத்திருக்கிறது, கடவுளை ஒத்திருத்தலோ நாம் வளர்ந்து அடையவேண்டியது என்பர். கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் 1547-இல், சுதந்திர விருப்பம் அணைந்துவிடவில்லை, வலுவிழந்து சாய்ந்தது என்றது. சீர்திருத்தத் தலைவர்களில் லூதர் இழப்பை இன்னும் கடுமையாகப் பேசினார். கால்வின் சாயல் அடியோடு அழியாவிட்டாலும் கோரமாகச் சிதைந்தது என்றார். 1934-இல் மற்றொரு சுவிட்சர்லாந்து இறையியலாளர் எமில் புருன்னர், பாவியிலும் அருளுக்கான ஒரு தொடுபுள்ளி மிஞ்சியிருக்கிறது என்று எழுதியபோது, பார்த் 'இல்லை!' என்றே தலைப்பிட்டுப் பதிலளித்தார். ஹிட்லரின் நாட்சிக் கட்சி ஆட்சியில் இருந்த ஜெர்மனியில், மனித இயல்பிலிருந்தோ இனத்திலிருந்தோ கடவுளை அறியலாம் என்பதற்குச் சிறு வாசலும் திறக்கக்கூடாது என்ற அச்சம் அவருக்கு இருந்தது. அந்த அச்சம் நியாயமானது; ஆயினும் சாயல் நம்மிடமிருந்து எடுக்கப்படவில்லை என்பதில் எனக்குத் தயக்கமில்லை, ஏனெனில் அதைக் கொடுத்தவர் திரும்பப் பெறவில்லை.

10. 1 கொரிந்தியர் 11:7-இன்படி ஆண்தானே கடவுளின் சாயல்?

பவுல் அங்கே பெண்ணை ஆணின் 'மகிமை' என்கிறாரே தவிர, சாயல் இல்லாதவள் என்று சொல்லவில்லை. 11, 12 வசனங்களில் இருவரும் ஒருவரின்றி ஒருவர் இல்லை என்று தாமே சமன்செய்கிறார். தொடக்கநூல் 1:27 'ஆணும் பெண்ணுமாக' என்று முடித்துவிட்டது. இந்த வசனத்தைக் கொண்டு பெண்களைத் தாழ்த்திய விளக்கங்கள் திருச்சபை வரலாற்றில் உண்டு. அவை தவறு.

11. எல்லோரும் கடவுளின் சாயல் என்றால், கிறிஸ்தவர்கள் அடிமைகளை வைத்திருந்தது எப்படி?

இந்தக் கேள்விக்கு மழுப்பலான பதில் தரக்கூடாது. நான்காம் நூற்றாண்டிலேயே நீசா கிரகோரியார், சபை உரையாளர் நூலில் 'வேலைக்காரரையும் வேலைக்காரிகளையும் சம்பாதித்தேன்' என்று வரும் வரியை விளக்கும்போது, வாங்குபவரை நேருக்கு நேர் கேட்டார்: கடவுளின் சாயலுக்கு எத்தனை காசு விலை வைத்தாய்? கடவுள் உரிமையுள்ளவராகப் படைத்தவரை அடிமையாக்க நீ யார்? அறிவு இருந்தது, பெரும்பாலோர் அதற்குச் செவிகொடுக்கவில்லை. 1452-இல் திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ் பிற சமயத்தாரை நிரந்தர அடிமைகளாக்கப் போர்த்துகல் அரசருக்கு அனுமதி தந்தார். 1537-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல், அமெரிக்கப் பழங்குடியினர் மெய்யான மனிதர், அவர்களுடைய உரிமையையும் உடைமையையும் பறிக்கக்கூடாது என்று அறிவித்தார். களத்தில் அது பெரிதும் மீறப்பட்டது.

போதனையில் குறை இல்லை, கடைப்பிடித்தவர்களிடம்தான் குறை என்று சொல்லித் தப்பிக்கவும் நான் விரும்பவில்லை. மனிதரை அவருடைய திறனாலும் நாகரிகத்தாலும் அளக்கும் பழக்கம் இறையியலுக்குள்ளும் புகுந்திருந்தது. எட்டாம் கேள்வியில் கண்ட வரையறையைத் தவறாக ஆண்டால் 'இவருக்கு அறிவு போதாது' என்று சொல்ல வழி கிடைத்துவிடும்.

12. உறவில்தான் ஆள் இருக்கிறார் என்றால், உறவே இல்லாமல் கைவிடப்பட்டவர் ஆள் இல்லையா?

கடவுளில் தந்தை என்பவர் மகனை நோக்கிய உறவாகவே தந்தையாக இருக்கிறார் என்பதிலிருந்து, ஆள் என்பதும் உறவு என்பதும் பிரிக்க முடியாதவை என்ற சிந்தனை வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் கிரேக்க இறையியலாளர் யோவான் சிசியூலாஸ் இதை அழுத்தமாக எழுதினார். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தம்மையே மனமாரக் கொடுப்பதில்தான் மனிதர் தம்மை முழுமையாகக் கண்டடைய முடியும் என்றது.

உங்கள் அச்சம் சரியான இடத்தைத் தொடுகிறது. மனிதர் தரும் உறவே ஒருவரை ஆளாக்குகிறது என்றால், நாம் கைவிட்டவுடன் அவர் ஆள் இல்லாமல் போவார். நாமே அவருடைய மாண்புக்கு எஜமானர் ஆகிவிடுவோம். ஆனால் முதல் உறவு படைத்தவருடையது. அதை நாம் தரவில்லை. நம்மால் அறுக்கவும் முடியாது. நாம் செய்யக்கூடியது அதற்கு ஒத்துப்போவது அல்லது அதை மறுப்பது மட்டுமே. கைவிடப்பட்டவர் ஆளாக இருப்பதால்தான் கைவிடுதல் குற்றமாகிறது.

13. இறந்தபின் ஆன்மா மட்டும் இருக்குமென்றால் அது நான்தானா? உயிர்த்தெழும்போது அடையாளம் தெரியுமா?

நான்காம் கேள்வியில் கண்ட அக்குவினாஸின் கூற்று இந்த இடத்தில்தான் எழுதப்பட்டது. இறப்புக்குப் பின் ஆன்மா அழிவதில்லை என்றாலும், ஆன்மா மட்டும் இருக்கும் நிலை முழுமையற்றது. அதனால்தான் விசுவாச அறிக்கை உடலின் உயிர்ப்பை நம்புகிறேன் என்கிறது. மறுபிறப்பைத் திருச்சபை ஏற்காததற்கும் வேர் இதுவே: வேறு உடல், வேறு வாழ்க்கை, வேறு பெயர் என்றால், இந்தத் தாயின் பிள்ளையாக இந்த உடலில் வாழ்ந்த இந்த 'யார்' என்னவாகிறார்?

உயிர்த்த இயேசு பொரித்த மீனை வாங்கிச் சீடர் கண்முன் உண்டார். அவருடைய கைகளில் ஆணித்தழும்புகள் இருந்தன. மகிமை அவற்றை அழித்துவிடவில்லை. மறைசாட்சிகளின் தழும்புகளும் உயிர்ப்பில் அழகாக விளங்கக்கூடும் என்று அகுஸ்தீனார் எழுதினார். அதே சமயம், தோற்றத்தைக் கொண்டு அடையாளம் கண்டுகொள்வது எளிதாக இருக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் மகதலா மரியா அழுதுகொண்டே அவரைப் பார்த்தார். தோட்டக்காரர் என்று எண்ணினார். உடலை எங்கே வைத்தீர் என்று கேட்டார். அவர் 'மரியா' என்று பெயர்சொல்லி அழைத்த பிறகே திரும்பிப் பார்த்து, 'ரபூனி' (போதகரே) என்றார்.